வெள்ளி உடுத்திய கறுப்பு உடல்கள்: லாபெல் குழுவும் வேடத்தின் அரசியலும்

'லேடி மார்மலேட்' என்ற பாட்டை நம்மில் பலரும் 2001இல் வந்த 'மூலான் ரூஜ்' படத்தின் வழியாகத்தான் கேட்டிருப்போம். கிறிஸ்டினா அகிலேரா, லில் கிம், மியா, பிங்க் ஆகிய நால்வரும் கோர்செட்டும் காலுறையுமாக ஆடிப்பாடிய வீடியோ இசைச் சானல்களில் ஓயாமல் ஓடியது. நானும் அப்படித்தான் கேட்டேன். மறந்தும் போனேன். அந்தப் பாட்டைப் புகழ்பெறச் செய்தவர்கள் 'லாபெல்' என்ற மூன்று கறுப்பினப் பெண்கள் என்பதும், அவர்கள் அதை 1974இல் வேறொரு கோலத்தில் பாடினார்கள் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. 'சோல் டிரெய்ன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் பாடிய பழைய ஒளிப்பதிவு ஒன்று கிடைத்தது. உலோகத் துணி, தோளில் தூக்கி நிற்கும் தகடுகள், மார்க்கவசம், இறகு. வேற்றுக் கிரகத்திலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவர்கள் மாதிரி மூன்று பெண்கள். குரல்களோ தேவாலயத்தில் பாடிப் பழகியவை. கண் ஒரு திசையில் இழுக்க, காது இன்னொரு திசையில் இழுக்கிறது.

கூட இருந்து பார்த்த நண்பர், இயக்க அனுபவம் உள்ளவர், கேட்டார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு நல்லாப் பாடத் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கோமாளி வேஷம் என்னத்துக்கு?"

இந்தக் கேள்வியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. பாட்டு உண்மை, வேஷம் பொய்; குரல் உள்ளிருந்து வருவது, உடை மேலே ஒட்டியிருப்பது; வேஷத்தை உரித்துவிட்டால் அசல் ஆள் கிடைப்பாள் - இப்படி ஒரு தத்துவமே இந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் மொழியும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. 'வேஷக்காரன்' என்றால் திட்டு. 'வேஷம் கலைந்தது' என்றால் உண்மை வெளிவந்தது. ஆனால் வேஷத்துக்கு அடியில் 'அசல்' என்று ஒன்றை ஏற்கனவே வேறு யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால்? அந்த அசலே ஒரு சங்கிலியாக இருந்தால்? லாபெல் குழுவின் கதையை இந்தக் கோணத்திலிருந்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் 'கிளாம்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தமிழில் மினுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1971இல் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன், கண்ணுக்குக் கீழே ஜிகினாப் பொட்டு வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பாடினார். அதிலிருந்து கிளம்பியது என்று சொல்வது வழக்கம். 1972இல் டேவிட் போவி 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' என்ற ராக் பாடகப் பாத்திரத்தைப் படைத்து, அந்த ஆளாகவே மேடையில் உலவினார். 1973 ஜூலையில் லண்டன் மேடையிலேயே அந்தப் பாத்திரத்தை முடித்தும் வைத்தார். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒப்பனை, விண்வெளி, நாடகம்.

இதன் எதிரி யார் என்று கேட்டால் விஷயம் விளங்கும். அறுபதுகளின் ராக் இசைக்கு ஒரு தீவிரமான 'உண்மைவாதம்' இருந்தது. ஜீன்ஸ், கலைந்த முடி, கையில் கிதார், 'நான் நடிக்கவில்லை, என் ஆன்மாவைத் திறந்து காட்டுகிறேன்' என்ற பாவனை. அதுவும் ஒரு உடைதான், அதுவும் ஒரு ஒப்பனைதான் என்று போட்டு உடைத்தது மினுக்கு ராக். சுயம் என்பது தோண்டி எடுக்கிற புதையல் இல்லை, தைத்துப் போட்டுக்கொள்கிற சட்டை என்றது. பின்னமைப்பியல்காரர்கள் கனமான நூல்களில் சொன்னதை இவர்கள் மூன்று நிமிஷப் பாட்டில் சொல்லிவிட்டார்கள் என்று கூடச் சொல்லலாம். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சொல்லலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த விளையாட்டை விளையாடியவர்கள் பெரும்பாலும் வெள்ளை ஆண்கள். சுயத்தைக் கழற்றி எறிவதற்கு முதலில் சுயம் என்று ஒன்று கையில் இருக்க வேண்டுமே. 'நான் யாராகவும் ஆகலாம்' என்று சொல்பவனை உலகம் முன்கூட்டியே 'ஆள்' என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. போவி வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அவர் டேவிட் ஜோன்ஸ். ஒரு கறுப்பினப் பெண் வேடத்தைக் கலைத்தால்? அங்கே சமையல்காரி, ஆயா, காமப் பண்டம், கண்ணீரோடு பாடும் தாய் என்று பல உருவங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. எல்லாம் 'இயற்கையானவை'. ஃபிரான்ஸ் ஃபனான் 1952இல் வெளிவந்த 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் பேசியது இதைத்தான்: வெள்ளைப் பார்வை கறுப்பு உடலைத் தோலின் மட்டத்திலேயே நிறுத்தி, அர்த்தம் கொடுத்து முடித்துவிடுகிறது. அப்படிப்பட்ட உடலுக்கு முகமூடியும் அடிமைத்தனம், முகமும் அடிமைத்தனம்.

இனி பெண்களிடம் வருவோம். மூவரில் முன்னணிப் பாடகி Patti என்பவரின் பெயரை எழுதுவதிலேயே தகராறு. பாட்டி என்றால் கிழவியாகிவிடுகிறார், பேட்டி என்றால் நேர்காணல். பட்டி லாபெல் என்றே வைத்துக்கொள்வோம். 1944இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். மற்ற இருவரும் - நோனா ஹென்ட்ரிக்ஸ், சாரா டாஷ் - பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரத்துக்காரர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் சின்டி பேர்ட்சாங் என்ற நான்காவது பெண்ணும் சேர்ந்து 'புளூபெல்ஸ்' என்று ஒரு குழு அமைந்தது.

அந்தக் குழுவின் பெயரில் வந்த முதல் வெற்றிப் பாட்டு 1962இல் வந்தது. அதைப் பாடியவர்கள் இவர்கள் அல்ல என்பதுதான் வேடிக்கை. சிகாகோவின் 'ஸ்டார்லெட்ஸ்' என்ற வேறொரு பெண்கள் குழு பாடிய பதிவு அது. அவர்கள் வேறு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் ரெக்கார்டின் மேல் 'புளூபெல்ஸ்' என்று அச்சடித்து விற்றுவிட்டார்கள். ஒரு கறுப்பினப் பெண்கள் குழுவின் குரலுக்கு இன்னொரு குழுவின் முகம். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்பதே வியாபாரத்தின் கணக்கு. 'அசல்' பற்றி நாம் இங்கே பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய புகழ் தொடங்கியதே ஒரு போலியில்தான், அதுவும் அவர்கள் செய்யாத போலியில்.

இன்னொன்று. குரல் தேர்வுக்குப் போனபோது, பட்டியைப் பார்த்த கம்பெனி முதலாளி, முன்னால் நிறுத்துவதற்கு இவள் ரொம்பக் கறுப்பு, அழகும் போதாது என்று ஒதுக்கப் பார்த்தாராம். பாடக் கேட்டபின் மனசு மாறியது. பிறகு அதே பெண்ணுக்கு வைத்த பெயர் 'லா பெல்'. பிரெஞ்சில் 'அழகி' என்று அர்த்தம். கறுப்பு என்று ஒதுக்கிய வாயே அழகி என்று பெயரும் வைத்தது. அந்தப் பெயரைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார். யார் யாருக்கு வேடம் கட்டியது என்று இப்போது சொல்லுங்கள்.

அறுபதுகளின் பெண்கள் குழுக்களுக்கு ஒரு சீருடை உண்டு. ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி விக், கையுறை, அளந்து வைத்த புன்னகை, ஒரே நேரத்தில் திரும்பும் தோள். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியில் இதற்கென்றே மேக்ஸீன் பவல் என்ற அம்மையார் பாடகர்களுக்கு நடை, உட்காரும் விதம், பேச்சு எல்லாம் கற்றுக்கொடுத்தார். புளூபெல்ஸ் மோட்டவுன் குழு அல்ல, ஆனால் இலக்கணம் ஒன்றுதான். இன்று இதைப் பார்த்து 'நடுத்தர வர்க்க மதிப்பீடு' என்று உதட்டைப் பிதுக்குவது சுலபம். நான் பிதுக்க மாட்டேன். தெற்கில் உணவு விடுதியில் உட்கார இடம் கேட்டதற்காக மாணவர்களின் தலையில் கெச்சப்பைக் கொட்டிய காலம் அது. அந்த மாணவர்களும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் போய் உட்கார்ந்தார்கள். ஒழுங்காக உடுத்துவதே ஒரு போராட்ட உத்தியாக இருந்த நேரத்தில், கவுனும் கையுறையும் 'எங்களை இழிவாகப் பார்க்காதே' என்ற சொல். அதன் விலை என்னவென்றால், உன்னை மதிக்கச் சொல்லி நீ கேட்கிற ஆளின் அளவுகோலையே நீயும் கையில் எடுக்க வேண்டும்.

1967இல் சின்டி பேர்ட்சாங், ஃபுளோரன்ஸ் பலார்டின் இடத்தை நிரப்ப சுப்ரீம்ஸ் குழுவுக்குப் போய்விட்டார். மீதி மூன்று பேர். காலமும் மாறிவிட்டது, ஒரே மாதிரி கவுன் போட்ட பெண்களை யாரும் கேட்கவில்லை. இந்த இடத்தில்தான் விக்கி விக்கம் என்ற ஆங்கிலப் பெண் வருகிறார். லண்டனில் 'ரெடி ஸ்டெடி கோ' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தயாரித்தவர். இவர் மேலாளராகப் பொறுப்பேற்றதும் விக் போனது, கவுன் போனது, 'பட்டி லாபெல் அண்டு த புளூபெல்ஸ்' என்ற நீட்டுப் பெயரும் போனது. முதலாளி-துணைப்பாடகி அமைப்பைக் கலைத்து மூவருக்கும் ஒரே பெயர்: லாபெல். (மூவருக்கும் பொதுவான பெயர் மூவரில் ஒருவருடைய பெயராகவே இருந்ததை என்னவென்று சொல்வது! பின்னால் வந்த விரிசலின் விதை இதில் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.)

1971இல் வந்த முதல் ஆல்பத்தின் காலத்தில் அவர்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, முடியை இயல்பாக விட்டுக்கொண்டு பாடினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ போன்ற வெள்ளை ராக் குழுக்களின் பாட்டுகளை எடுத்துப் பாடினார்கள். 1973இல் வந்த 'பிரஷர் குக்கின்' ஆல்பத்தில் ஒரு காரியம் செய்தார்கள். 'தண்டர்கிளாப் நியூமன்' என்ற ஆங்கிலக் குழுவின் 'சம்திங் இன் தி ஏர்' பாட்டையும், கில் ஸ்காட்-ஹெரனின் 'தி ரெவல்யூஷன் வில் நாட் பி டெலிவைஸ்டு' கவிதையையும் ஒன்றோடொன்று பின்னிப் பாடினார்கள். வெள்ளை இளைஞர்களின் கனவுப் புரட்சிக்குள் கறுப்புத் தெருவின் கேலியும் கோபமும் புகுந்துகொள்கிறது. தேவாலயக் குரலில் புரட்சி. கேட்டுப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

இந்தக் காலத்தில்தான் நோனா ஹென்ட்ரிக்ஸ் பாட்டு எழுத ஆரம்பித்தார். துணைப்பாடகியாக 'ஊ', 'ஆ' என்று பின்னால் நின்றவர் எழுத்தாளராகிறார். அறுபதுகளின் பெண்கள் குழுக்களில் பாடுகிறவளுக்கு எழுதும் உரிமை அபூர்வம். எழுதுவது ஆண்கள், தயாரிப்பது ஆண்கள், அழுவது மட்டும் பெண்கள்.

ஆக, கவுனுக்குப் பிறகு ஜீன்ஸ். நண்பர் கேட்ட 'அசல்' வந்துவிட்டதல்லவா? வேஷம் போய்விட்டது, பாட்டு இருக்கிறது, அரசியல் இருக்கிறது. ஆனால் ரெக்கார்டு விற்கவில்லை. அதற்கு வெறும் வியாபாரக் காரணம் மட்டும் சொல்ல முடியாது. அமெரிக்க வானொலியும் ரெக்கார்டுக் கடைகளும் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டவை. ராக் என்றால் வெள்ளை, சோல் என்றால் கறுப்பு. ராக் இசையைப் பெற்றெடுத்ததே கறுப்பினக் கலைஞர்கள்தான், சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் போன்ற பெண்கள் உட்பட. இருந்தும் எழுபதுகளில் ஜீன்ஸ் போட்ட கறுப்பினப் பெண் ராக் பாடினால் 'இவளை எந்தத் தட்டில் வைப்பது' என்று விழித்தார்கள். மானிடவியலாளர் மோரீன் மேஹன் ராக் இசையில் கறுப்பினப் பெண்களைப் பற்றி 2020இல் எழுதிய நூலில் இந்தப் பாகுபாட்டை விரிவாகப் பேசுகிறார். ஜீன்ஸ் வெள்ளைப் பையனுக்கு விடுதலையின் சின்னம். அதையே கறுப்பினப் பெண் போட்டால் வெறும் ஜீன்ஸ். உண்மைவாதத்தின் கதவுக்குள் அவளுக்கு இடமில்லை, அல்லது அவளுக்கு ஒதுக்கிய 'உண்மை' வேறு: வலியைப் பாடு, ஆன்மாவைக் கொட்டு, எங்களை உருக்கு. 'சோல்' என்ற பெயரே அதுதானே.

1973 வாக்கில் லாரி லகாஸ்பி என்ற உடை வடிவமைப்பாளர் வந்து சேர்ந்தார். அதன் பிறகுதான் வெள்ளி. கண்ணியத்தின் தோல், உண்மையின் தோல், இரண்டும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இது மூன்றாவது. இதற்கு முன்மாதிரி கிடையாது. கறுப்பினப் பெண் என்றதும் நினைவுக்கு வருகிற எந்த உருவத்தோடும் இந்த உலோகப் பெண்ணைப் பொருத்த முடியாது. ஆயா வெள்ளித் தகடு போடுவதில்லை. காமப் பண்டம் என்று பார்க்க வருகிறவனுக்கு மார்க்கவசம் தடுக்கிறது. அழைக்கவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. சீருடையும் இல்லை: மூன்று பேருக்கும் மூன்று விதமான உடை. பட்டிக்குச் சிறகும் ஆடம்பரமும், நோனாவுக்கு விண்வெளி வீரர்/போர்வீரர் கோலம், சாராவுக்கு வயிறு தெரியும் உலோக உடுப்பு. நோனா பின்னாளில் தான் இருபால் விழைவு கொண்டவர் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர். அந்த உடையின் பால்நிலைக் குழப்பத்தை இன்று பார்க்கும்போது அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுபதுகளில் இவர்களுடைய கச்சேரிகளில் தற்பாலின ஆண்கள் திரண்டதில் ஆச்சரியம் இல்லை.

ஏன் விண்வெளி என்பது அடுத்த கேள்வி. 1969 ஜூலையில் அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபெர்நதி, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளையும் அழைத்துக்கொண்டு ஏவுதள வாசலுக்குப் போய் நின்றார். நிலாவுக்குப் போக இருக்கிற காசு பசிக்கு இல்லையா என்பது கேள்வி. 1970இல் கில் ஸ்காட்-ஹெரன் 'ஒயிட்டி ஆன் த மூன்' எழுதினார். எலி கடித்த தங்கைக்கு வைத்தியம் பார்க்கக் காசில்லாத வீட்டிலிருந்து நிலாவை அண்ணாந்து பார்க்கும் கவிதை. எதிர்காலம் வெள்ளையர் சொத்து, அதன் செலவு மட்டும் எங்கள் தலையில் என்ற விமர்சனம். இது சரியான விமர்சனம். இதை லாபெல் மறுக்கவில்லை. அவருடைய கவிதையையே பாடியவர்கள் அல்லவா.

ஆனால் இன்னொரு பதிலும் இருந்தது. சன் ரா என்ற ஜாஸ் மேதை, தான் சனி கிரகத்திலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டு, பளபளக்கும் அங்கியும் எகிப்தியத் தலைக்கவசமுமாகத் தன் இசைக்குழுவை நடத்தியவர். 1968 முதல் அவர் இருந்தது பிலடெல்ஃபியாவில், பட்டியின் ஊரில். பூமியில் இடம் தராதவர்களிடம் இடம் கேட்டு மன்றாடுவதை விட்டுவிட்டு, நாங்கள் இந்த ஊர்க்காரர்களே இல்லை என்று சொல்லிவிடுவது. பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். கப்பலில் கடத்தி வரப்பட்டு, பெயரும் மொழியும் பிடுங்கப்பட்டு, அந்நிய மண்ணில் இறக்கப்பட்ட மக்களின் வரலாற்றை ஒரு விஞ்ஞானக் கதையாக எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேற்றுக் கிரகவாசிகள் கடத்திக்கொண்டு போன கதைதான் அது. மார்க் டெரி என்ற விமர்சகர் 'ஆஃப்ரோ-ஃபியூச்சரிசம்' என்ற சொல்லைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாக்கினார். பெயர் வருவதற்கு இருபது வருஷம் முன்பே காரியம் நடந்துவிட்டது, அதைப் பெண்களும் செய்திருக்கிறார்கள். சன் ராவையும் ஜார்ஜ் கிளின்டனையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் லாபெல்லுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். கிளின்டனின் பார்லிமென்ட் குழு விண்கலத்தை வைத்து 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' ஆல்பம் வெளியிட்டது 1975 டிசம்பரில். லாபெல் வெள்ளி உடுத்தி இரண்டு வருஷம் கழித்து! கிளின்டனுக்கும் உடை செய்தவர் லகாஸ்பிதான்.

1974 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்ரா அரங்கில் லாபெல் பாடியது. சுமார் 3,800 இருக்கைகள் கொண்ட, செவ்வியல் இசையின் கோயில். அதற்குமுன் 1970இல் 'தி ஹூ' அங்கே பாடியிருக்கிறார்கள். கறுப்பின பாப் குழு ஒன்று அந்த மேடை ஏறியது இதுவே முதல் முறை. ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள் போயிருந்தது: வெள்ளி நிறத்தில் ஏதாவது அணிந்து வாருங்கள். வந்தார்கள். பட்டி சிறகுடையில் மேலிருந்து இறக்கப்பட்டார்.

மெட்ரோபாலிடன் ஆப்ராவில் முதன்முதலாகப் பாடிய கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன், அவரும் பிலடெல்ஃபியாக்காரர். 1955 ஜனவரியில் அந்த அனுமதி கிடைத்தபோது அவருக்கு வயது 57. குரலின் உச்சகாலம் கடந்துவிட்டது. வெர்டியின் 'முகமூடி நடனம்' என்ற ஆப்ராவில் குறி சொல்கிறவள் வேடம் கொடுத்தார்கள். அரசர்களின் கதையில் ஓரமாக வந்து பிறருடைய எதிர்காலத்தைச் சொல்லிவிட்டுப் போகிற வேடம். 1974இல் வந்த மூன்று பேர் பிறருக்குக் குறி சொல்ல வரவில்லை. அன்று அரங்கில் பார்வையாளரும் வேடம் கட்டியிருந்தார்கள் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மேடையில் மட்டும் மினுக்கு இருந்தால் அது காட்சிப்பொருள். கூட்டம் முழுக்க வெள்ளி போட்டுக்கொண்டு வந்தால், பார்ப்பவர்/பார்க்கப்படுபவர் என்ற பிரிவினை கொஞ்ச நேரத்துக்காவது ஆட்டம் காண்கிறது. பக்தின் சொன்ன திருவிழா மனநிலை கிட்டத்தட்ட இதுதான். டிக்கெட் வாங்கிய திருவிழா என்று யாராவது குறுக்கிட்டால், ஆமாம், டிக்கெட் வாங்கியதுதான்.

இதே வருஷம் ஆகஸ்டில் டேவிட் போவி என்ன செய்துகொண்டிருந்தார்? பிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்டு ஒலிப்பதிவுக் கூடத்தில், கறுப்பின சோல் இசையின் பாணியில் 'யங் அமெரிக்கன்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். விண்வெளி வேடத்தைக் கலைத்த வெள்ளைக்காரர் 'ஆன்மா'வைத் தேடி அந்த ஊருக்கு வருகிறார். அந்த ஊரில் பிறந்த பெண்ணோ ஆன்மாக்காரி என்ற பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு விண்வெளிக்குக் கிளம்புகிறாள். போவியின் பயணத்தைப் பரிசோதனை என்று எழுதினார்கள். லாபெல்லின் பயணத்தை 'கிறுக்கு உடை' என்று எழுதினார்கள்.

இனி 'லேடி மார்மலேட்'. 1974இல் வந்த 'நைட்பேர்ட்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு. நியூ ஆர்லியன்ஸில் ஆலன் டூசான் தயாரிப்பில், மீட்டர்ஸ் குழுவினரின் வாசிப்பில் பதிவானது. அந்த பேஸ் கிதாரும் தாளமும் தரையிலிருந்து காலுக்கு ஏறுகிற சரக்கு. 1975 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். ஜூலையில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் அட்டை. ஆனால் பாட்டை எழுதியவர்கள் பாப் கிரூ, கென்னி நோலன் என்ற இரண்டு வெள்ளை ஆண்கள். நியூ ஆர்லியன்ஸின் பாலியல் தொழிலாளி ஒருத்தியைப் பற்றிய பாட்டு. அவளிடம் ஒரு ராத்திரி போய்வந்த ஆள், தன் ஆபீஸ் வாழ்க்கைக்குத் திரும்பியபின் அவளை நினைத்து ஏங்குகிறான். அவளுடைய குரலாக வருவது அந்தப் பிரெஞ்சு அழைப்பு மட்டும். அதையும் தொலைக்காட்சியில் பாடும்போது 'படுக்கை'யை 'நடனம்' என்று மாற்றிப் பாட வேண்டியிருந்தது. எதிர்காலத்தின் பெண்களாக வந்தவர்களை உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரு ஆணின் பழைய நினைவில் வரும் பெண்ணின் பாட்டுக்காக. நோனா எழுதிய பாட்டுகளைக் கேட்க ஆள் இல்லை.

ஆனாலும் முழுக்கத் தோல்வி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. வெள்ளிக் கவசம் போட்ட பெண் அந்த வரியைப் பாடும்போது அது கெஞ்சலாகவோ விற்பனையாகவோ விழவில்லை. கட்டளை மாதிரி விழுகிறது. பட்டியின் குரல் உச்சத்துக்கு ஏறும்போது அந்த ஆபீஸ்காரன் கதையை விட்டே காணாமல் போகிறான். 2001இன் பதிப்பு உடுப்பைக் கோர்செட்டாக மாற்றி மார்மலேட் அம்மாளை மறுபடி விடுதிக்கே அனுப்பிவிட்டது. அதே வரி, அதே ராகம். உடை மாறியதும் அர்த்தமும் மாறிவிட்டது. உடை மேலே ஒட்டியிருக்கிற சமாச்சாரம் என்று சொன்ன நண்பருக்கு நான் காட்டக்கூடிய சாட்சி இதுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "இன்னொரு தடவை பழசைப் போடு" என்றார்.

எதிர்வாதம் ஒன்று பாக்கியிருக்கிறது. கலகத்தின் உடையை முதலாளியம் எவ்வளவு நேரத்தில் விழுங்கியது? லகாஸ்பி 'கிஸ்' குழுவுக்கும் உடை செய்தார். அந்த நான்கு வெள்ளை ஆண்களும் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு, பொம்மை முதல் சாப்பாட்டு டப்பா வரை தங்கள் முகத்தைப் போட்டு விற்றார்கள். மினுக்கு பெரும் பணமானது, லாபெல்லுக்கு அல்ல. 'ஃபீனிக்ஸ்' (1975), 'கமீலியன்' (1976) ஆல்பங்கள் முந்தியது அளவுக்குப் போகவில்லை. 1976 இறுதியில் குழு உடைந்தது. நோனாவுக்கு ராக், சாராவுக்கு டிஸ்கோ, பட்டிக்கு மெல்லிசை சோல், மூன்று திசை. இதில் பட்டி ஒருவர்தான் பெருநட்சத்திரமானார், அதாவது கடைத் தட்டில் இடம் இருந்த திசையில் போனவர். நோனாவின் 1977 ராக் ஆல்பம் விற்கவில்லை. 1980இல் அவர் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் மேடையில் துணைக்குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கறுப்பினப் பெண்ணுக்கு ராக் மேடையில் எந்த மூலை ஒதுக்கப்பட்டிருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். வெள்ளி உடை அந்தத் தட்டுகளை உடைக்கவில்லை. உடைக்க முடியும் என்று இரண்டு மூன்று வருஷம் காட்டியது.

லகாஸ்பி 2001இல் எய்ட்ஸ் நோயின் விளைவாக இறந்தார். 2019இல் ரிக் ஓவன்ஸ் என்ற வடிவமைப்பாளர் அவரைப் பற்றி நூல் வெளியிட்ட பிறகுதான் அவர் பெயர் பலருக்குத் தெரியவந்தது. லாபெல் மூவரும் 2008இல் திரும்பச் சேர்ந்து ஒரு ஆல்பம் கொடுத்தார்கள். 2021 செப்டம்பரில் சாரா டாஷ் காலமானார்.

'நைட்பேர்ட்ஸ்' இசைத்தட்டில் முதல் பக்கத்தின் முதல் பாட்டாக இருப்பது 'லேடி மார்மலேட்'. பெரும்பாலானவர்கள் அதோடு எழுந்து போய்விட்டார்கள். தட்டைத் திருப்பிப் போட்டால் மூன்றாவதாக வருவது நோனா எழுதிய 'ஸ்பேஸ் சில்ட்ரன்'.